இரண்டு நீலம்

ஜனவரி 6, திங்கள்

புது மேனேஜர் பரணிதரன் சார் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்ததுதான், அட்டையில் அவர்கள் பெயர் பெரிதாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் கிளம்பும் முன், அன்றைக்கு அலுவலகத்தில் இன்னொருவருக்கு என்ன உதவி செய்தோம் என்று இதில் எழுத வேண்டுமாம். வாங்கிப் படிக்க மாட்டாராம். "உங்களுக்காக எழுதுங்க, எனக்காக இல்ல," என்றார். சென்னையில் இருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. போகப் போகத் தெரிந்துகொள்வார்.

இன்று செய்த உதவி: எதுவும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரி மாதிரி இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. எங்கள் கம்பெனியில் யாரும் யாருக்கும் எதுவும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் நான்கு மெர்ச்சண்டைசர்கள். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுப்பதில் இருந்து உடுப்பு பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகும்வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்கள். ஆளுக்கு ஒரு பையர், ஆளுக்கு ஒரு பீரோ, பீரோ சாவி அவரவர் கைப்பையில். துணியை எந்தச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறோம் என்பதைக்கூட ஒருவருக்கு ஒருவர் சொல்ல மாட்டோம். நல்ல பட்டறையை இன்னொருத்தர் தெரிந்துகொண்டால் நம் துணி வரிசையில் பின்னால் போய்விடும். வாசலில் ஒரு ஃப்ரேம் மாட்டியிருக்கிறது, 'இந்த மாதத்தின் சிறந்த மெர்ச்சண்டைசர்' என்று. அதில் என் போட்டோ இதுவரை பதினொரு தடவை வந்திருக்கிறது. எண்ணிக்கொண்டு இருக்கிறேன் என்று இல்லை. தெரியும், அவ்வளவுதான்.

மதியச் சாப்பாடும் அவரவர் மேஜையில்தான். என் மேஜைக்கும் இந்துராணி மேஜைக்கும் நாலடி தூரம், நடுவில் தடுப்புப் பலகை. அவள் டப்பாவைத் திறந்தால் என்ன கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு வாசத்திலேயே தெரியும். இன்று கொள்ளுப் பருப்பு. அது அவளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. யார் போய்ச் சொல்வது.

ஜனவரி 10, வெள்ளி

சார் தடுப்புப் பலகைகளை எடுத்துவிட்டார். அரை மணி நேரத்துக்குள், எங்கள் நால்வரில் ஒருவரான மோகன்குமார், பலகை இருந்த இடத்தில் ஃபைல்களை அடுக்கி ஒரு சுவர் கட்டிவிட்டார். சார் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் பொறுமை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது, ஆனால் இங்கே எடுபடாது.

இப்போது நிமிர்ந்தால் இந்து தெரிகிறாள். படிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தினோம். ஸ்கூட்டரைத் துடைத்த ஹரிணி சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்து, "இது யாருதும்மா? எனக்குப் பெருசா இருக்குது, அப்பாவுக்குச் சின்னதா இருக்குது," என்றாள். இருக்கட்டும், போலீஸ்காரர் பிடிப்பார் என்றேன். எட்டாவது படிக்கிற பிள்ளை, நம்பவில்லை. நல்ல வேளையாக மறுபடி கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் நாளே சார் குண்டைத் தூக்கிப் போட்டார். ஜெர்மன்காரரிடம் இருந்து பெண்களுக்கான நைட் செட் ஆர்டர் வந்திருக்கிறது. மேலே டி-சர்ட், கீழே பேண்ட், இரண்டும் ஒரே நீலம், சாம்பல் கலந்த நீலம். பதினெட்டாயிரம் செட். பிப்ரவரி 28 கப்பல்.

"டாப் சுதாமணி மேடம் பாருங்க. பேண்ட் இந்துராணி மேடம் பாருங்க. ஒரே செட், ரெண்டு பேர். இது நல்லபடியா போயிடுச்சுன்னா வாசல்ல இருக்கிற ஃப்ரேமை எடுத்துடறதா முதலாளிகிட்ட பேசி வச்சிருக்கேன்," என்றார்.

ஜெர்மன்காரர் என் பையர். ஆறு வருஷமாக என் பையர். அதற்கு முன்னால் இந்துவின் பையர். அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு மாதம் லீவில் போயிருந்தபோது கம்பெனி எனக்குக் கொடுத்தது. நான் கேட்கவில்லை. பாவம், சாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

இந்து "சரிங்க சார்," என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

எழுதத்தானே கொடுத்திருக்கிறார், எழுதுகிறேன். நானும் இந்துவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். காலையில் பல்லடம் ரோட்டில் பெட்ரோல் பங்க் திருப்பத்தில் நிற்பாள், நான் ஏற்றிக்கொள்வேன். பின்னால் உட்கார்ந்து வழி நெடுக என் காதோடு பேசிக்கொண்டே வருவாள். பாதி காற்றில் போய்விடும். காதில் விழாததற்கும் நான் சிரித்து வைப்பேன். இப்போதும் அந்தத் திருப்பத்தில் என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

ஆறு வருஷமாக அவள் பஸ்ஸில் வருகிறாள்.

ஜனவரி 29, புதன்

டாப் துணிக்குச் சாயப்பட்டறையில் இருந்து மூன்று மாதிரித் துண்டுகள் வந்து, ஜெர்மனிக்கு அனுப்பி, இரண்டாவதற்கு அப்ரூவல் வந்துவிட்டது. இந்துவுக்கும் அவள் பேண்ட் துணிக்கு அப்ரூவல் வந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்கவில்லை.

சாயங்காலம் சார் வந்து, "டாப் துண்டையும் பேண்ட் துண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டு பேரும் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துட்டோம் சார்," என்றேன்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றால் அவளைக் கூப்பிட வேண்டும். ஆறு வருஷம் கழித்து முதல் வார்த்தை 'அந்தத் துண்டைக் கொண்டா' என்றா இருக்க வேண்டும்? இந்து கம்ப்யூட்டரில் இருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தப் பொய்தான்.

பிப்ரவரி 5, புதன்

இந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். மோகன்குமார் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னார். அவள் வீட்டுக்காரர் கரூரில் கடை போட்டிருக்கிறார், குடும்பத்தோடு போகிறார்கள். பிப்ரவரி 28 கடைசி நாள்.

போகட்டும். எனக்கென்ன.

பிப்ரவரி 6, வியாழன்

தலைவலி.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று செய்த உதவி: எதுவும் இல்லை. இன்னும் இருபத்தொரு நாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போவதற்குள் அவள் ஒரு தடவை என்னிடம் பேச வேண்டும். இதை எழுதாமல் நான்கு நாளாகத் தையல் கணக்கும் பட்டன் கணக்கும் எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். திட்டினாலும் சரி. ஒரு தடவை.

பையர் கை மாறினதற்குத்தான் கோபம், வேறென்ன இருக்க முடியும். அவள் அம்மா இறந்தபோது நான் போகவில்லை என்பதும் உண்மைதான். எனக்கு அப்போது நல்ல காய்ச்சல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேக்கிங் பகுதியில் ருக்மணியக்கா கூப்பிட்டனுப்பினார். பதினைந்து வருஷமாக மடிப்பு வேலை பார்க்கிறவர். முதல் செட்டை மடித்து மேஜையில் வைத்திருந்தார்.

"ஏனுங் மேடம், இது ரெண்டும் ஒரே கலருங்களா?"

"ஆமாங்க்கா."

"எனக்கென்னமோ மேல ஒண்ணு, கீழ ஒண்ணாட்டத் தெரியுது. வெளிச்சத்துக்கு வந்து பாருங்."

ஜன்னலுக்குக் கொண்டு போனேன். டாப் லேசாகச் சிவப்படித்தது. பேண்ட் லேசாகப் பச்சையடித்தது. தனியாகப் பார்த்தால் இரண்டும் அப்ரூவல் ஆன நீலம், இரண்டும் சரி. சேர்த்துப் போட்டால் ஒருத்தி உடம்பில் இரண்டு பேருடைய துணி. பதினெட்டாயிரம் டாப்பில் பாதி தைத்தாகிவிட்டது.

திரும்பினால் இந்து நின்றுகொண்டிருந்தாள். அவளையும் அக்கா கூப்பிட்டிருக்கிறார். துணியை மட்டும் பார்த்தாள்.

பிப்ரவரி 19, புதன்

சார் கத்துவார் என்று இருந்தேன். கத்தவில்லை. இரண்டு துணியையும் கையில் வைத்துக்கொண்டு, "சேர்த்துப் பார்த்தோம்னு சொன்னீங்களே," என்றார். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம்.

"பாக்கலைங்க சார். நான் பொய் சொன்னேன்," என்றேன்.

"நானும் கேட்டுட்டுச் சும்மாத்தான் இருந்தேனுங்க சார்," என்றாள் இந்து.

தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். இந்தக் கம்பெனியில் நல்ல பெயரைப் பங்கு கேட்டவர்கள் உண்டு, தப்பைப் பங்கு கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. சார் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, இப்ப என்ன பண்ணலாம்? ஒம்போது நாள் இருக்கு," என்றார்.

சாயம் ஒரே தடவையில் போடுவதில்லை. துணியை லாட் லாட்டாகப் பிரித்துப் போடுவார்கள், லாட்டுக்கு லாட் நூலிழை வித்தியாசம் இருக்கும். என் சிவப்படிக்கிற லாட்களில் ஏதாவது அவள் லாட்களில் ஏதாவதோடு சேரலாம். இது எனக்குத் தோன்றிய அதே நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"லாட்டுக்கு ஒரு துண்டு வெட்டி வெச்சிருக்கறனுங்க சார். பீரோவுல இருக்குது."

"எங்கிட்டயும் இருக்குதுங்க சார்," என்றேன்.

இரண்டு பேரும் கைப்பையில் சாவி தேடினோம்.

பிப்ரவரி 20, வியாழன்

துணி வெட்டுகிற பெரிய மேஜையில் வெள்ளைத் துணி விரித்தோம். என் ஏழு லாட் ஒரு வரிசை, அவளுடைய ஆறு லாட் ஒரு வரிசை. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தோம்.

"மூணும் ரெண்டும்," என்பேன்.

"ம்ஹூம். செவக்குது. மூணும் அஞ்சும்."

அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவள் கண் எப்போதும் என் கண்ணைவிடக் கூர்மை. காலையில் இருந்து எண்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை, ஆனாலும் பேசினோம். ஆறு வருஷமாகக் காது கேட்காமல் இருந்து திடீரென்று திறந்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பதினொரு மணிக்கு மோகன்குமார் ஃபைல் சுவருக்குப் பின்னால் இருந்து எழுந்து போனார். போனவர் அவர் பையருக்காக வாங்கிப் பூட்டி வைத்திருந்த கலர் பார்க்கும் விளக்கைச் சுமந்துகொண்டு வந்தார். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "ஜெர்மனியில கடை வெளிச்சம் இப்படித்தான் இருக்கும், இதுல பாருங்க," என்று மேஜையில் வைத்துவிட்டு, யாரும் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

ஆறு லாட் ஜோடி சேர்ந்துவிட்டது. என் நாலாவது லாட் மட்டும் எதோடும் சேரவில்லை. புதுத் துணிக்குச் சாயம் போட்டுத் தைத்தாக வேண்டும். என் பட்டறைக்காரர் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். இந்து போனை எடுத்தாள். எல்லோரும் நிற்கும்போதே, பெயர் சொல்லித் தன் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு துணி வருது, முன்னால போட்டுக் குடுக்கோணும். பேண்ட்டுக்குப் போட்டீங்களே, அதே நீலம். ஆமா, என்றதுதான்."

என் துணி அது. அவளுடையது என்று சொன்னாள்.

பிப்ரவரி 22, சனி

வேலை. ருக்மணியக்காவின் ஆட்கள் ஜோடி ஜோடியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். மோகன்குமாரும் மடிக்கிறார், மடிக்கத் தெரியவில்லை. அக்கா அவரை ஒரு ஓரமாக உட்கார வைத்து லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டார்.

மதியம் நேரமில்லாமல் எல்லோரும் அந்தப் பெரிய மேஜையிலேயே டப்பாவைத் திறந்தோம். சார் இதைப் பார்த்துத் தன் டைரியில் என்னென்ன எழுதிக்கொள்ளப் போகிறாரோ. நானும் அவளும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவள் எதுவும் கேட்காமல் என் டப்பா மூடியில் ஒரு கரண்டி பொரியல் வைத்தாள்.

பிப்ரவரி 26, புதன்

புதுத் துணி தையலுக்குப் போய்விட்டது. நீலம் சரியாக வந்திருக்கிறது. இன்று சாப்பிடும்போது மேஜையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இனிமேல் நாள் இல்லை என்பதால் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இந்து, அந்த ஜெர்மன் பையர நான்தான் கேட்டு வாங்குனேன். கம்பெனி தானாக் குடுக்கல. நீ லீவுல இருந்தப்ப உன்ற மெயிலுக்கெல்லாம் நானே பதில் போட்டுட்டு, எனக்கே குடுங்கன்னு முதலாளிகிட்டப் போய் நின்னேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்படியா. கம்பெனி குடுத்துச்சுன்னுதான் இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் எதுக்குப் புள்ள எங்கூடப் பேசாம இருந்தே?"

"எங்கம்மா எழவுக்கு நீ வருல."

சொல்லிவிட்டு டப்பாவில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

"எழவுக்குத்தான் வருல, துக்கம் கேக்கவாச்சும் வருவீன்னு இருந்தேன். பதினாறு நாளும் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நீதான்னு எந்திரிச்சுப் போவேன். எங்கப்பா கேட்டாரு, யாரத் தேடறேன்னு."

"காய்ச்சல்," என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல, காய்ச்சல் இல்ல. நல்லாத்தான் இருந்தேன். உன்ற பையர வாங்கி வெச்சுட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வருவேன்."

"பையர் போனா இன்னொண்ணு வருது புள்ள," என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

சார் படிக்க மாட்டேன் என்று சொன்ன டைரியில்கூட நான் காய்ச்சல் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று மணிக்குக் கன்டெய்னர் கிளம்பியது. பதினெட்டாயிரமும் போய்விட்டது. சார் சொன்னபடி வாசலில் இருந்து ஃப்ரேமை எடுத்துவிட்டார். ஆணி மட்டும் இருக்கிறது.

ஐந்து மணிக்கு இந்து ஒவ்வொருவரிடமாகப் போய் "போயிட்டு வரேனுங்க," என்றாள். ருக்மணியக்கா அழுதுவிட்டார். மோகன்குமார் அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டு விடலாம் என்று நான் மதியமே இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து என் மேஜையில் வைத்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் கார் கொண்டு வந்துவிட்டார். என் மேஜைக்கு வந்தாள், ஹெல்மெட்டைப் பார்த்தாள், அதன் மேல் ஒரு நிமிஷம் கை வைத்திருந்தாள். என்னிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.

மார்ச் 3, திங்கள்

நாலடி தூரத்தில் காலி நாற்காலி. நிமிரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பத்து தடவை நிமிர்ந்தேன்.

மோகன்குமார் வந்து, கறுப்புத் துணிக்கு நல்ல பட்டறை எது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். சாருடைய கணக்குப்படி இது உதவி. சார் ஜெயித்துவிட்டார், நல்ல மனுஷன், ஜெயிக்கட்டும். எனக்கு என்னவோ எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு வீட்டில் முக்கியமான ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும்வரை இந்து பல்லடத்தில் அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் கிளம்பிப் போனேன். துக்கம் கேட்கப் போகிற வீட்டுக்குப் பழம், பூ எதுவும் கொண்டு போவதில்லை. வெறுங்கையோடு போனேன். ஆறு வருஷம் கழித்துப் போகிறவளுக்கும் அதுதானே முறை.

வண்டிச் சத்தம் கேட்டு அவள்தான் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. துக்க வீட்டில் வா என்று கூப்பிடுவதில்லை. அவளும் கூப்பிடவில்லை, கதவை விட்டு நகர்ந்து நின்றாள்.

அம்மா போட்டோவுக்குக் கீழே பாயில் உட்கார்ந்தோம். துக்கம் கேட்பது என்றால் உண்மையிலேயே கேட்க வேண்டும். எப்படி ஆச்சு என்று கேட்டால் அவர்கள் முதலில் இருந்து சொல்வார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் பாரம் குறையும்.

"அம்மாவுக்கு எப்படியாச்சு இந்து?" என்று கேட்டேன்.

சொன்னாள். முதல் நாள் காலையில் காப்பி வேண்டாம் என்று அம்மா சொன்னதில் இருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி, இரண்டாவது ஆஸ்பத்திரி, கடைசியில் அம்மா யார் பெயரைச் சொன்னார், எந்தப் புடவையை உடுத்தி அனுப்பினார்கள், எல்லாம். நேற்று நடந்தது போல ஒன்றும் விடாமல் சொன்னாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்தது போல இருந்தது. இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அவள் அப்பா உள்ளே இருந்து வந்து பார்த்து, எங்கள் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

எழுந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

"சொல்லிட்டுப் போ புள்ள," என்றாள் வாசலில் இருந்து.

"துக்கத்துக்கு வந்துட்டு எப்படிச் சொல்றது?"

"ஆறு வருசமாச்சு. சொல்லு."

"போயிட்டு வரேன்," என்றேன்.

"எப்போ?" என்று கேட்டாள்.